வனிகோரோ: ஒரு தீவு, மூன்று மொழி (கேள்வி பதில்)

கே: வனிகோரோ எங்கே இருக்கிறது?

ப: சாலமன் தீவுகளின் கிழக்குக் கோடியில், தெமோட்டு மாகாணத்தில். பிரெஞ்சுக் கடலோடி லா பெரூஸின் இரண்டு கப்பல்கள் 1788-இல் உடைந்துபோன தீவு.

கே: அங்கே பேசுவது ஹவாய் மொழி மாதிரியா?

ப: இல்லை. தெயானு, லொவொனோ, தனேமா மூன்றும் ஓசியானிய மொழிகள் (பசிபிக் தீவுகளில் பரவிய மொழிக் கூட்டம்), ஆனால் ஹவாய் மொழி சேர்ந்த பாலினீசியக் கிளை அல்ல. திக்கோப்பியா என்ற தீவிலிருந்து அங்கே வந்து குடியேறியவர்கள் பேசுவதுதான் பாலினீசியம்.

கே: மூன்றுக்கும் இலக்கணம் ஒன்றே என்கிறார்கள். பிறகு எதற்கு மூன்று மொழி? வட்டார வழக்கு என்றால் போதாதா?

ப: போதாது. மொழியியலாளர் அலெக்சாந்தர் பிரான்சுவா நேரில் போய்ப் பதிவு செய்து காட்டியது இதைத்தான். ஒரே வாக்கியத்தை மூன்றிலும் எழுதி அடுக்கினால் உறுப்புக்கு உறுப்பு பொருந்தும். வினைக்கு முன்னால் ஒரு சின்ன ஒட்டு வரும். செய்பவர் யார் என்பதை அதுவே சொல்லும். நடந்ததற்கு ஒரு வடிவம், இனி நடக்க வேண்டியதற்கு வேறு வடிவம். மூன்றிலும் இதே ஏற்பாடு. ஆனால் ஒட்டும் வினையும் காதுக்கு வேறு வேறு. ஒன்று மட்டும் தெரிந்தவருக்கு மற்றது புரியாது. அக்கம்பக்கத்து மொழிகளையும் சேர்த்துப் பேசியே வளர்ந்தவர்கள் அந்தத் தீவுக்காரர்கள். அதனால் வாக்கியம் கட்டும் விதம் ஒன்றாகிவிட்டது. சொற்கள் மட்டும் அவரவர் கூட்டத்தின் அடையாளமாக நின்றன.

கே: இலக்கணம்தானே மொழியின் உயிர்? சொல் மாறினால் என்ன?

ப: அந்த உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அங்கே குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பாருங்கள்.

கே: வட்டார வழக்கு என்றால் போதாதா என்று கேட்டதில் நியாயம் இருக்கிறதே. சமீபத்தில் பிரிந்த வழக்குகளாக இருக்கலாமே?

ப: 1828-இல் பிரெஞ்சுக் கப்பல் தலைவர் தூமோன் துர்வீலுடன் வந்த கெமார் மூன்றுக்கும் தனித்தனியே சொற்பட்டியல் எடுத்தார். அப்போதே மூன்றும் வேறுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: கப்பல்காரர்களின் பட்டியல் பிரெஞ்சுக் காதில் விழுந்தபடி எழுதியது. அதன் எழுத்தை அப்படியே நம்பாதீர்கள்.

கே: எந்த வட்டார வழக்கை அதிகம் பேர் பேசுகிறார்கள்?

ப: மொழி, ஐயா, மொழி. தெயானுவை. மற்ற இரண்டும் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்களிடம்தான் எஞ்சியிருந்தன.

கே: நாம், நாங்கள் வேறுபாடு உண்டா?

ப: உண்டு, ஓசியானிய மொழிகளில் பரவலாகவே. தெயானுவில் இருமையும் சேரும்: நீங்களும் நானும் மட்டும் போனால் ஒரு ‘நாம்’, ஊரே கிளம்பினால் இன்னொன்று.

கே: அப்படியானால் தமிழோடு உறவு இருக்குமே?

ப: இல்லை. அடுத்தது.

கே: ஹவாய் மொழிக்கும் இதற்கும்...

ப: மேலே பாருங்கள்.

கே: கேட்டுப் பார்க்க ஏதாவது கிடைக்குமா?

ப: பாங்லாஸ் என்ற இணைய ஒலித் தொகுப்பில் பதிவுகள் இருக்கின்றன. தெயானு அகராதியும் இணையத்தில் உண்டு. முதலில் ஒலிப்பதிவு, அப்புறம் அகராதி. கப்பல்காரர் பட்டியலைத் தேடிப் போகாதீர்கள்.