டிவி காமெடிக்குச் சிரிக்காவிட்டால் ‘நகைச்சுவை உணர்வு இல்லை’ என்கிறார்களே, என்ன பதில் சொல்வது?

உங்கள் வீட்டிலும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தான் சிரிக்கும்போதெல்லாம் மற்றவர்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற ஒரு ஆள் இருப்பார். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வந்திராது. “இதில் என்ன பகிடி என்று விளக்கச் சொல்லுங்கள்” என்று பொதுவாக யோசனை சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் அது சரிவராது. கேட்டால் அரை மணித்தியாலம் விளக்குவார்கள், நடித்தும் காட்டுவார்கள்.

நான் களுவாஞ்சிகுடி, இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம். கணவர் பருத்தித்துறை, யாழ்ப்பாணத்துப் பக்கம். ஒரு ஆடி அமாவாசைக்கு எங்கள் மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாட அவருடைய ஆட்கள் வான் பிடித்து வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். தயிரும் சர்க்கரையும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் டிவிக்கு முன்னால். சென்னைச் சானல் ஒன்றில் காமெடி நிகழ்ச்சி. சேலை கட்டிய ஒரு ஆண் வந்து நிற்கிறார். பக்கத்தில் நிற்பவர் அவருடைய நிறத்தையும் வயிற்றையும் பற்றியே பேசிக்கொண்டு போகிறார். நடுவர்கள் மேசையில் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்கள். நான் வாயே திறக்கவில்லை, சிரிக்கவில்லை, அவ்வளவுதான். கணவரின் சித்தப்பா என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, உமக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சமும் இல்லை.”

“கறுப்பு எண்டு சொல்லிப்போட்டார். சரி. மறுகா என்ன மாமா?”

“அப்ப கவுண்டமணி செந்திலுக்கு அடிக்கேக்க நீர் சிரிக்கேல்லையோ?”

நல்ல கேள்விதான். சிரித்திருக்கிறேன், இப்போதும் சிரிப்பேன். ஆனால் 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு பழம் வாங்கக் காசு கொடுத்தால் செந்தில் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, மிஞ்சியதைக் காட்டி “அந்த இன்னொன்று இதுதான்” என்று நிற்கிறார். அசைக்க முடியாத கணக்கு! நமக்குச் சிரிப்பு வருவது அந்தக் கணக்கால். அடியை எடுத்துவிட்டாலும் பகிடி நிற்கும். 2003இல் வந்த ‘வின்னர்’ கைப்புள்ளையும் அப்படித்தான், அடி வாங்குகிறவரே வீரமும் பேசுகிறார். அன்றைக்கு டிவியில் நிறத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு சேலைதான். இதை இவ்வளவு ஒழுங்காக நான் அங்கே சொல்லவில்லை, பாதியில் மாமா கையைக் காட்டி மறித்துவிட்டார்.

“எங்கட பெடியனைப் பாயோட ஒட்டி வச்சிருக்கிற ஆக்கள், உங்களுக்குப் பகிடி எங்க விளங்கப்போகுது!”

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: மட்டக்களப்புக்கு வந்த ஆம்பிளையை எங்கள் பெண்கள் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டிவிடுவார்களாம், அவர் ஊர் திரும்ப மாட்டாராம். பழைய கதை. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன். உத்தியோகத்துக்கும் யாவாரத்துக்கும் வந்தவர்கள் வயலையும் வாவி மீனையும் தயிரையும் கண்டு இங்கேயே நின்றுவிட்டார்கள். ஊரில் தாய் தகப்பனுக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, எங்கள் பாய் அகப்பட்டது. இது என் ஊகம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள், கணவரும்தான். நான் சொன்னேன்: “மாமா, ஒட்டுறதெண்டா நாங்க கொஞ்சம் நல்ல ஆளாப் பாத்து ஒட்டியிருப்பமே!”

மாமிக்குச் சிரிப்பில் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. “பெரியாக்களோட கதைக்கிற கதையே இது?” என்று எழும்பி முற்றத்துக்குப் போனார்.

உங்கள் கேள்விக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது. நகைச்சுவை உணர்வு வேண்டும் என்று கேட்பது எப்போதும் பகிடிக்கு ஆளாகிறவரிடம்தான். சொல்கிறவரிடம் யாரும் கேட்பதில்லை. அதனால் சிரிப்பு வராவிட்டால் சிரிக்காதீர்கள், காரணமும் சொல்லத் தேவையில்லை. வாயில் பதில் வந்தால் விடாதீர்கள்.

“காமெடியைக் காமெடியாகப் பார்” என்று எழுதப்போகிறவர்களுக்கு: நானும் பகிடிக்காரிதான். யாழ்ப்பாணத்தார் எல்லோரும் அப்படி என்றும் சொல்லவில்லை, ஒருவரைக் கட்டியே இருக்கிறேன். யாழ்ப்பாணத்து நடிகர் கே.எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ தனிநடிப்பு எனக்கு உயிர். அவர் தன்னுடைய ஆட்களைத் தன்னுடைய பேச்சிலேயே பகிடி பண்ணினார், யாருக்கும் நோகவில்லை. ஆனால் ஒரு மனக்குறை. இலங்கை வானொலித் தொடராக இருந்து 1976இல் படமாக வந்த ‘கோமாளிகள்’ நான்கு பேரில் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ், மரிக்கார் முஸ்லிம் தமிழ், உபாலி சிங்களவர் பேசும் தமிழ், ஐயருக்குப் பிராமணத் தமிழ்கூட இருந்தது. எங்கள் மட்டக்களப்புத் தமிழுக்கு அந்த நால்வரில் இடமில்லை. வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் விடிய விடிய ஆடுகிற ஊருக்குச் சிரிக்க வைக்கத் தெரியாதா?

டிவி என்றதும் இன்னொன்று. மார்கழியில் நாலு துளி மழை விழுந்தால் எங்கள் டிஷ்ஷில் படம் உறைந்துவிடும். மாதக் காசு மட்டும் உறைவதில்லை. கம்பனிக்குப் போன் எடுத்தால் “மழை விட்டதும் வரும் மிஸ்” என்கிறார்கள். மட்டக்களப்பில் மழை எப்போது விடும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

மாமா இப்போதும் வருகிறார், ரிமோட்டும் அவர் கையில்தான். பாய்க் கதை மட்டும் வருவதில்லை. இதைப் போடுமுன் கணவரிடம் காட்டினேன். எழுத்துப்பிழை இரண்டு திருத்தினார். அந்த ‘நல்ல ஆள்’ வசனத்தை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை.