ஸ்வெட்டர் துண்டுகள் எல்லாம் பின்னியாயிற்று, இணைக்கத்தான் மனசு வரவில்லை. என்ன செய்வது?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கனடாவில் இருக்கும் அக்கா பையனுக்காக முதுகு, முன்பக்கம், இரண்டு கை எல்லாம் பின்னிவிட்டீர்கள், மாசக்கணக்காக அது பீரோவிலேயே கிடக்கிறது, பேசாமல் டெய்லரிடம் கொடுத்துத் தைத்துவிடலாமா என்று. டெய்லர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இது சோம்பேறித்தனம் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னுவது ஒரு வேலை, முடிப்பது முழுக்க வேறு வேலை. நம்ம ஊர் டெய்லர் கடையைப் பாருங்கள், சட்டைக்குக் காஜா எடுக்கத் தனி ஆள், ரவிக்கைக்கு ஹெம்மிங் பண்ணி ஹூக் வைப்பது பீஸுக்கு இவ்வளவு என்று வீட்டில் இருக்கும் பெண்களிடம் போகும், பட்டுப்புடவைக்குக் குச்சு கட்டுவது இன்னொருவர். ஸ்வெட்டரில் மட்டும் இத்தனையும் ஒருத்தர் தலையில் விழுகிறது. பின்னும்போது சீரியல் பார்க்கலாம், வம்பு பேசலாம், கை பாட்டுக்கு ஓடும். இணைக்கும்போது கண்ணை எடுக்க முடியாது. எங்கள் சித்தி ஒரு குழந்தைக்கு ஆரம்பித்த ஸ்வெட்டர் இரண்டு கையும் முதுகுமாகத் துணிப்பையிலேயே இருக்கிறது, அந்தக் குழந்தை இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான்.

கூடவே, இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. மார்கழி விடியற்காலையில் 20 டிகிரி பக்கம் இறங்கினாலே மங்கி குல்லாவும் மப்ளருமாகக் கோயிலுக்குக் கிளம்பும் ஊர்தான் நம்முடையது, ஆனால் வயர் கூடை பின்னத் தெரு முழுக்க ஆள் இருக்கும், ஸ்வெட்டருக்குக் கை எப்படிச் சேர்ப்பது என்று சொல்ல ஒருத்தர் இருக்க மாட்டார். 'இந்த வெயிலுக்கு ஸ்வெட்டரா' என்று மட்டும் எல்லாரும் கேட்பார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். துண்டுகளை எடுத்த உடனே தைக்க உட்காராதீர்கள். ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று போட்ட துணி ஓரத்தில் சுருட்டிக்கொள்ளும், அதுதான் அதன் சுபாவம். சுருண்ட ஓரத்தை ஒரு கையால் நீவிக்கொண்டே தைக்கப் பார்ப்பதில்தான் பாதிப் பேருக்கு வெறுத்துப்போகிறது. முதலில் நனைத்துப் பரப்பிக் காயவைக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் நூல் என்னவென்று பாருங்கள். இங்கே ஃபேன்சி ஸ்டோரில் உல்லன் என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான், லேபிளில் போட்டிருக்கும். அசல் கம்பளி என்றால் துளி லிக்விட் சோப்பு விட்ட ஆறின தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டு, முறுக்காமல், டவலில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். வெந்நீரில் போட்டு அலசிக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து சுருங்கிவிடும், அதைத் திரும்ப விரிக்க யாராலும் ஆகாது. அக்ரிலிக் நனைத்துக் காயவைத்தால் கம்பளி அளவுக்குப் படியாது. ஸ்டீம் அயர்ன் பாக்ஸைத் துணியில் படாமல் மேலே தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் காட்டலாம். பட்டால் போச்சு, துணி தொளதொளவென்று செத்த மாதிரி ஆகிவிடும், பிறகு உயிர் வராது. முதலில் ஒரு சின்ன மாதிரித் துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காயவைப்பதுதான் நம்ம பக்கத்தில் பெரும் பாடு. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு காட்டன் புடவையே இரண்டு நாள் கொடியில் கிடந்து நாறும்போது கம்பளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தைக் குடித்துக்கொண்டும் தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும், அதை நம்பி மடித்து வைத்தால் முடை நாற்றம்தான் மிச்சம். கொடியில் தொங்கவிடவும் கூடாது, ஈரத்தின் கனத்தில் நீளமாக இழுத்துக்கொள்ளும். வீட்டில் கயிற்றுக் கட்டில் இருந்தால் நல்லது, அடியிலும் காற்று போகும். கோரைப்பாய் போட்டு, அதன் மேல் பழைய வெள்ளை வேட்டியை விரித்து (சாயப் பாயாக இருந்தால் நிறம் இறங்கும்), துண்டை வைத்து இஞ்ச் டேப்பால் அளந்து ஓரங்களைக் குண்டூசியால் குத்தி ஃபேனைப் போட்டுவிடுங்கள். குண்டூசி துருப்பிடிக்காததாக இருக்கட்டும், நம்ம ஈரக்காற்றுக்கு ஒரே ராத்திரியில் துருக்கறை ஏறிவிடும். அவசரமில்லை என்றால் இந்த வேலையை மாசிக்குத் தள்ளிவையுங்கள்.

அப்புறம் தையல். உள்பக்கம் வெளியே தெரிய ஒன்றின்மேல் ஒன்று வைத்து, துணி தைக்கிற மாதிரி தைத்தால் தடித்த வரப்பு போல நிற்கும். இரண்டு துண்டையும் நல்ல பக்கம் மேலே இருக்க, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஓரத்தின் முதல் கண்ணிக்கும் (பின்னலில் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) இரண்டாவது கண்ணிக்கும் நடுவே ஏணிப்படி மாதிரி குறுக்கு இழைகள் தெரியும், லேசாக விரித்துப் பாருங்கள். மொட்டை ஊசியில் அதே நூலைக் கோத்து இந்தப் பக்கம் ஒரு இழை, அந்தப் பக்கம் ஒரு இழை என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டே போங்கள். நாலைந்து வரிசை தளர்வாகவே போகட்டும், பிறகு நூலை மெதுவாக இழுத்தால் இரண்டு ஓரமும் உள்ளே மடங்கி, தையல் எங்கே என்றே தெரியாமல் மூடிக்கொள்ளும். இதை ஒருதரம் பார்த்துவிட்டால் மிச்சத்தை நீங்களே விட மாட்டீர்கள். பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள், கருநீல நூலை டியூப்லைட்டில் தைப்பது கண்ணுக்குக் கேடு.

கை சேர்ப்பதற்கு முன் தோளைத் தைத்துவிட வேண்டும். கையின் உச்சி நடுவைத் தோள் தையலில் குத்தி, இரண்டு முனையையும் அக்குளில் குத்தி, நடுவில் மிஞ்சுவதைச் சமமாகப் பரப்பித் தையுங்கள். ஒரு முனையிலிருந்து ஆரம்பித்துக்கொண்டே போனால் மறுமுனையில் நிச்சயம் இரண்டு விரல் அளவு மிஞ்சும்.

கழுத்துப்பட்டி பின்ன ஓரத்திலிருந்து ஊசியில் புதிதாகக் கண்ணி எடுக்கும்போது நேர் ஓரங்களில் 4 வரிசைக்கு 3 கண்ணி போதும். கண்ணி உயரத்தைவிட அகலம் அதிகம், வரிசைக்கு ஒன்று என்று எடுத்தால் கழுத்து அலை அலையாக நிற்கும். கடைசியில் கண்ணிகளை மூடும்போது ஒரு சைஸ் பெரிய பின்னல் ஊசியால் தளர்வாக மூடுங்கள். குழந்தைகளுக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, இறுக்கிவிட்டால் போட்டுவிடவே முடியாது. நூல் அந்த இடத்தில் தீர்ந்துபோனால் அதே நிறத்தைத் தேடி அலைய வேண்டாம், லேபிளில் இருக்கும் லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) மாறினால் சாயம் மாறும், சட்டென்று கண்ணில் படும். கழுத்துக்கும் கை முனைக்கும் வேறு நிறமே போட்டுவிடுங்கள், வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கும்.

தொங்கும் நூல் முனைகளை அந்தந்த நிறத்திலேயே பின்பக்கமாக ஒரு பக்கம் ஓட்டி, கொஞ்சம் திருப்பி ஓட்டி, பிறகு வெட்டுங்கள். முடிச்சு மட்டும் போட்டு விட்டால் துவைக்கத் துவைக்க அவிழும். அடுத்த ஸ்வெட்டரில் இதை அன்றன்றைக்கே முடித்துவிடுங்கள். முடிந்தால் கழுத்திலிருந்து கீழே வட்ட ஊசியில் ஒரே துண்டாகப் பின்னுங்கள், பக்கத் தையலே இருக்காது, பையன் வளர்ந்தாலும் கீழே பிரித்து நீளம் கூட்டிக்கொள்ளலாம்.

டெய்லர் விஷயம். நேர்த்தையல் மிஷினில் கொடுக்காதீர்கள், பின்னல் நீளும், தையல் நூல் நீளாது, பையன் கையைத் தூக்கினாலே அறுந்துவிடும். ஓவர்லாக்கில் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைப்பார்கள், கையால் பின்னியதில் அது எங்கேயாவது ஒரு கண்ணியைத் தவறவிட்டால் அங்கிருந்து பிரிய ஆரம்பிக்கும். ஜிப் வைக்க வேண்டுமானால் மட்டும் கொடுங்கள், அதுவும் நீங்களே முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டு.