பால் வெட்டும் நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சிறிய திரைப்படக் குழுவை நடத்தி வருகிறோம். கோயில் மண்டபத்தின் மாடியில் மாதம் ஒருமுறை, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திரையிடல். சென்ற ஆண்டுக் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து ஒரு பயிற்றுநரை வரவழைத்து இரண்டு நாள் குறும்படப் பட்டறை நடத்தினோம். அதில் மூன்று படங்கள் உருவாயின. மூன்றும் நம் தோட்ட வாழ்க்கையைப் பற்றியவை. முதல் திரையிடலுக்கு மண்டபம் நிறைந்தது. இப்போது படம் எடுத்தவர்களும் அவர்களுடைய நண்பர்களும் மட்டுமே வருகிறார்கள். பெரியவர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் அம்மாகூடக் களைப்பாக இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

தமிழ்நாட்டிலிருந்து ஓர் இயக்குநரை அழைத்தால் கூட்டம் வருமா? நல்ல கேமரா வாங்கப் பணம் திரட்டலாமா? திரையிட அனுமதி வாங்க வேண்டுமா? மக்களை மறுபடி வரவழைக்க என்ன வழி? மூன்று படங்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

படங்களைப் பார்த்தேன். முதல் படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மற்றக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம்.

கேமரா வாங்காதீர்கள். கைப்பேசி போதும். பணம் சேர்ந்தால் நல்ல ஒலிவாங்கி ஒன்று வாங்குங்கள். உங்கள் படங்களில் பாதி வசனம் மின்விசிறிச் சத்தத்தில் மூழ்கிப் போய்விட்டது. தமிழ்நாட்டு இயக்குநர் வேண்டாம். அவரோடு நின்று படம் பிடித்துக்கொள்ளக் கூட்டம் வரும், அடுத்த மாதம் மண்டபம் இப்போதைவிடக் காலியாகக் கிடக்கும்.

அனுமதி விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் திரையரங்குகளோடு நிற்பதில்லை. தணிக்கைக்குப் போகாத படத்தை மண்டபத்தில் இலவசமாகக் காட்டினாலும் அது பாயும். இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை 2013இல் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஒருவர்மீது வழக்குத் தொடுத்தார்கள். 2017இல் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அநியாயமான சட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதோடு மோதுவதென்றால் தெரிந்து மோத வேண்டும், தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. தணிக்கை வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி உங்கள் முதல் படம். ஒரு தாய் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாள். மரத்தின் நிழல் அதன் அடியிலேயே சுருண்டு கிடக்கிறது. அதாவது உச்சி வெயில். அந்த நடிகை கத்தியை மேலிருந்து கீழே ஓங்கி இழுக்கிறார். அடுத்த காட்சியில் மங்கு நிறைய, அதாவது மரத்தடிக் கிண்ணம் நிறையப் பால். பிறகு அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அழுகிறார், வயலின் வாசிக்கிறது.

தம்பி, உச்சி வெயிலில் எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார்கள்?

சென்ற வருடம் வேறோர் ஊரில், இதே போன்ற மண்டபத்தில், இதே போன்ற காட்சி ஒன்று ஓடியது. எனக்குப் பக்கத்தில் வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்த நேரத்துக்கு வெட்டினால் மரம் பால் கொடுக்காதே என்றார். பிறகு, கத்தியை இப்படிப் பிடித்தால் மரம் கெட்டுப்போகுமே என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. படம் முடிந்ததும் அதை எடுத்த பையன் ஒலிவாங்கியைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே, பாட்டி, படத்துக்கு அதெல்லாம் முக்கியமில்லை, உணர்வுதான் முக்கியம் என்றான். மண்டபமும் சிரித்தது. அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது. அன்றிலிருந்து மனத்துக்குள் புகைந்துகொண்டிருந்ததை உங்களிடம் கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரவில் மரம் நீரை இழுத்துப் பட்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் போய்விடும், அழுத்தம் இறங்கும், பால் ஓட்டம் தணிந்துவிடும். அதனால்தான் இருட்டோடு பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. அதனால்தான் நெற்றியில் விளக்கு. நம் தோட்டத்து வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு காரணத்தைச் சுற்றித்தான் அமைந்தது. கைக்குழந்தையை இருட்டிலேயே தூக்கிப்போய் ஆயாக் கொட்டகையில் விட்டது அதனால்தான். ஆறு வயது அக்கா தானே எழுந்து தம்பிக்குத் தலை வாரிப் பள்ளிக்கு இழுத்துப் போனது அதனால்தான். லயத்து வரிசை வீடுகளில் இரவு எட்டு மணிக்கே விளக்கு அணைந்தது அதனால்தான். பிற்பகலில் வேலை முடிந்து நீண்டு கிடந்த வெறும் பொழுதும், அந்தப் பொழுதில் கள்ளுக்கடைக்கு நடந்த கால்களும் அதனால்தான். உங்கள் படத்தில் குடிகார அப்பா வருகிறார், காத்திருக்கும் பிள்ளை வருகிறது. ஏன் குடித்தார், ஏன் காத்திருந்தது என்பதற்கான பதில் பால் வெட்டும் நேரத்தில் இருக்கிறது. நேரத்தை மாற்றிவிட்டீர்கள், கதைக்கு அடியில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அதனால்தான் வயலின் தேவைப்பட்டது.

பள்ளி விடுமுறையில் நான் என் அம்மாவோடு நிரைக்கு, அவர் வெட்டும் மர வரிசைக்குப் போவேன். எனக்கு ஒட்டுப்பால் உரிக்கும் வேலை. முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் அந்தப் பால்நாடாவை ஒரு முனையில் பிடித்து அறுந்துபோகாமல் இழுத்தெடுக்க வேண்டும். அதைச் சாக்கில் போட்டுவிட்டு மங்கைத் துடைத்து நிமிர்த்தி வைப்பேன். பின்னால் வரும் அம்மாவின் வெட்டைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் சரிவு, ஏறக்குறைய 30 பாகை. பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேராக ஏறாமல் சற்று வலமாகச் சாய்ந்து ஏறுகின்றன. அந்தச் சரிவில் சீவினால்தான் நிறையக் குழாய்கள் திறக்கும். இதையெல்லாம் நான் பிற்பாடு புத்தகத்தில் படித்தேன். அம்மாவுக்கு அது மணிக்கட்டில் இருந்தது. ஒரு தடவைக்குச் சீவும் பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். கத்தி அளவுக்கு மீறி உள்ளே போய்க் கட்டையைத் தொட்டால், புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். அப்புறம் அதில் வெட்ட முடியாது. அம்மா வெட்டும்போது கையை விடக் கால்தான் அதிகம் நகரும். மரத்தைச் சுற்றி ஒரு சிறிய அடி, அரை அடி பின்னால், உடம்பே கத்தியோடு போகும். சரக் சரக் என்று நாலைந்து சத்தம், விரல் நுனியால் தடத்தைத் தட்டிவிடுவார், பால் கோடாக இறங்கத் தொடங்கும்போது அவர் அடுத்த மரத்தில் இருப்பார்.

மழை வந்தால் பட்டை நனைந்து பால் தடத்தை விட்டு வழிந்துவிடும். பாதி நிரை வெட்டிய பிறகு வானம் கறுத்தால் அம்மா ஓடிய ஓட்டம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. கடைசியில் தோளில் காண்டாக் கம்பு, அதில் இரண்டு வாளியும் தொங்கப் பால் ஸ்டோருக்கு நடப்பார். கணக்கெழுதும் கிராணியார் பாலில் மிதக்கும் அளவுகருவியை விட்டு ரப்பர் சத்து எவ்வளவு என்று பார்க்கும்போது, அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். இந்த ஒன்றை மட்டும் இரண்டு நிமிடம் வசனமில்லாமல் காட்டுங்கள். யாரும் அழ வேண்டியதில்லை.

ஆராய்ச்சி செய்து படமெடுக்க எங்களுக்கு நேரமில்லை என்று உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். சுங்கை சிப்புட்டில் அதைச் சொல்ல உங்களுக்கு வெட்கமாக இருக்க வேண்டும். 1948 ஜூன் 16ஆம் தேதி உங்கள் ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், நாட்டில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளியிடம் பங்குப் பணம் திரட்டித் தோட்டம் வாங்கிய கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கிய அமைச்சர் துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர். இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள், பார்த்தவர்களின் பிள்ளைகள், உங்கள் மண்டபத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறார்கள். பட்டறைக்குக் கோலாலம்பூரிலிருந்து ஆள் வரவழைத்தீர்கள். பால் வெட்டிய ஒருவரையாவது கூப்பிட்டீர்களா?

நம்மைக் கேமரா எப்போதும் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறது. மலாயாத் திரைப்படப் பிரிவு 1946இல் தொடங்கியது. தகவல் இலாகாவின் வேன் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதும் தோட்டத்துத் திடலுக்கு வரும். இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து எழுத்தெல்லாம் தலைமாறித் தெரியப் பார்ப்பார்கள். நாங்கள் எப்படி வாழ வேண்டும் என்று அந்தப் படங்கள் சொல்லிக்கொடுத்தன. நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்று ஒன்றுகூடக் கேட்டதில்லை. இன்றைக்குக் கேமரா உங்கள் கையில் இருக்கிறது. நீங்களும் வெளியே நின்றுகொண்டே பார்த்தால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

முடியாத காரியமும் இல்லை. நம் நாட்டிலேயே எடுத்த தமிழ்ப் படங்கள் இருக்கின்றன. 2005இல் ‘செம்மண் சாலை’ வந்தது. 2015இல் ‘ஜகாட்’ வந்தது. மறுவருடம் மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கப் பார்த்தார்கள், எதிர்ப்புக் கிளம்பியது, பின்வாங்கினார்கள், ‘ஜகாட்’ சிறந்த படமானது. விருதை எல்லாரும் சொல்கிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடிசைகளுக்கு வந்த குடும்பத்துக்குத் தொண்ணூறுகளில் என்ன நேர்ந்தது என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இரண்டாம் படத்தில் செம்பனைத் தோட்டத்துக்கு மேலே ட்ரோன் பறக்கிறது. அழகாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள். இன்றைய தோட்டத்தைக் காட்டும் படத்தில் ஒரு வங்காளதேசத்துத் தொழிலாளிகூட இல்லை, ஓர் இந்தோனேசியர் இல்லை. இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் குலையை நீண்ட கம்பத்து அரிவாளால் அறுத்துத் தள்ளுவது யார்? நம் தாத்தாவைக் கப்பலில் ஏற்றி வந்ததற்கு நாம் கண்ணீர் விடுகிறோம், அவர் நின்ற இடத்தில் இன்று நிற்பவனைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுகிறோம். இதை எப்படிச் சகிப்பது? மூன்றாம் படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். தம்பி, உங்கள் படம் அங்கே இருக்கிறது. பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாகத் தொங்கி நகர்ந்து, ரப்பர் பாலிலோ நைட்ரில் என்ற செயற்கைப் பாலிலோ முங்கி எழுந்து, சூட்டில் வெந்து வருகின்றன. யாரோ அவற்றை உரிக்கிறார்கள், யாரோ ஊதிப் பார்க்கிறார்கள், யாரோ அடுக்குகிறார்கள். ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்க ஒரு கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அம்மா இதில் எந்த இடத்தில் நிற்கிறார்? அவர் கையில் எந்த விரல் முதலில் வலிக்கிறது? உங்களுக்குத் தெரியுமா? உள்ளே கேமராவை விடமாட்டார்கள். பரவாயில்லை, சமையலறை மேசையில் உட்கார வைத்து, அங்கே என்ன செய்வாயோ அதைச் செய்துகாட்டு என்று கேளுங்கள். ஒரு பெட்டிக் கையுறையும் அவர் கைகளும் போதும். பட்டறை என்றால் எனக்கு அதுதான் பட்டறை. ஒரு நாள் முழுக்க ஒருவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும், மறுநாள்தான் கேமராவைத் தொட வேண்டும்.

கூட்டம் ஏன் வரவில்லை என்றல்லவா கேட்டிருந்தீர்கள்? சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திரையிடுகிறீர்கள். பகல் ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ் உங்கள் ஊருக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு நேரத்தை மாற்றுங்கள். தேதியை எனக்கு எழுதுங்கள், நானும் வருகிறேன். பொன்னாடை, மாலை எதுவும் வேண்டாம். படம் முடிந்ததும் ஒலிவாங்கியை முதலில் பால் வெட்டியவர்களிடம் கொடுங்கள். அவர்கள் பேசி முடித்து நேரமிருந்தால் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா