கொடி சுற்றியதுதான் காரணமா?

வணக்கம். அக்காவுக்கு 37ஆவது வாரம். அசைவு தெரியவில்லை என்று போனோம். ஸ்கேனில் துடிப்பு இல்லை. வலி வரவழைத்துப் பிரசவமாகி ஐந்து நாள் ஆகிறது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். கையைத் தூக்கித் துணி காயப்போட்டாளே, அதனால்தான் என்று வீட்டில் பேச்சு. பால் கட்டி அவதிப்படுகிறாள். தொட்டிலையும் துணிகளையும் அவள் வருமுன் எடுத்துவிட்டோம். அழுதுகொண்டே இருக்கிறாள். என்ன செய்வது?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதலில் பால். மார்பை இறுக்கிக் கட்டாதீர்கள், பால் தேங்கிப் புண்ணாகும். நன்றாகத் தாங்கும் உள்ளாடை, அவ்வப்போது 15 நிமிடம் குளிர்ந்த ஒத்தடம், பாராசிட்டமால் போதும். தாங்க முடியாமல் விண்ணென்று தெறித்தால் வலி தணியும் அளவு மட்டும் பீய்ச்சலாம். முழுக்க எடுத்தால் இன்னும் சுரக்கும். பாலை நிறுத்த மாத்திரை உண்டு. ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு அது ஆகாது, டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, மார்பு சிவந்து கொதித்தாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ உடனே மருத்துவமனை.

கையைத் தூக்கியதற்கும் கொடிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீரில் மிதக்கும் குழந்தை புரளும்போது தானே சுற்றிக்கொள்வது அது. மாலை சுற்றிப் பிறந்து, வீறிட்டு அழுது, நன்றாக வளரும் குழந்தைகள் ஏராளம். கொடி உயிரைப் பறிப்பதும் உண்டுதான். ஆனால் அப்படிச் சொல்லக் கொடியில் இறுகிய முடிச்சோ, நசுங்கிய தடமோ, ரத்தக் கட்டோ தெரிய வேண்டும். மற்ற காரணங்களையும் தேடிப் பார்த்திருக்க வேண்டும். கண்ணில் பட்டதைக் காரணமாகச் சொல்வது சுலபம்.

ஆகவே கேளுங்கள்: நஞ்சுக்கொடியை (கழுத்தில் சுற்றிய தொப்புள்கொடி அல்ல, குழந்தைக்கு ஊட்டும் பிளசென்டா) பரிசோதனைக்கு அனுப்பினார்களா? குழந்தையின் எடை வாரத்துக்கு ஏற்றபடி இருந்ததா? குறைவென்றால் நஞ்சுக்கொடி பல வாரங்களாகவே சரியாக ஊட்டாமல் இருந்திருக்கலாம். அக்காவுக்குச் சர்க்கரை, தைராய்டு, தொற்று, ரத்தம் உறையும் கோளாறு பார்த்தார்களா? கடைசியாகச் சொன்னதில் ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். தற்காலிகமாகவும் அப்படிக் காட்டும். எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடாமல் போவது அபூர்வமல்ல. அந்த வெற்றிடத்தில் அவள் தலையில் பழி போடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

தொட்டிலை எடுத்தது நல்லெண்ணத்தில்தான். ஆனாலும் அவளைக் கேட்டிருக்க வேண்டும். ‘எல்லாம் பத்திரமாக இருக்கிறது, என்ன செய்வதென்று நீ சொல்’ என்று இன்றே சொல்லுங்கள். எதையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவமனையில் படமோ பாதச்சுவடோ எடுத்திருந்தால் வாங்கி வையுங்கள். இப்போது வேண்டாம் என்பவர்கள் பிறகு தேடுவதுண்டு. பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள். அவள் கணவரையும் விசாரியுங்கள். எல்லாரும் அவரிடம் அவளைப் பற்றித்தான் கேட்பார்கள்.

ஐந்தாம் நாள் அழுகை நோயல்ல. வாரங்கள் கடந்தும் தூக்கமோ சாப்பாடோ இல்லை என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ‘நானும் போயிருக்கலாம்’ என்றால் அன்றே, தனியாக விடாதீர்கள்.

அடுத்த கர்ப்பப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போகும்போது நஞ்சுக்கொடி அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சிறிய அளவு ஆஸ்பிரின் தேவையா, வளர்ச்சி ஸ்கேன் எப்போதெல்லாம் என்று பின்னால் முடிவு செய்ய அந்தத் தாள்தான் வேண்டும்.