காட்டுல நிறைய தண்ணித் தொட்டி கட்டினா மிருகங்க ஊருக்குள்ள வராதா?

பேர்ணாம்பட்டு காட்டுல நெருக்கமா தொட்டி கட்டிட்டா பிரச்சனை தீரும்னு கேட்டிருக்கீங்க. நம்ம வேலூர் வெயில்ல யாருக்கும் அப்படித்தான் தோணும், ஆனா வறண்ட காட்டுல தண்ணி எங்க இருக்குங்கறது மாதிரியே எங்க இல்லங்கறதும் ரொம்ப முக்கியம்.

தென்னாப்பிரிக்கா க்ரூகர் பார்க்ல நிறைய எடத்துல போர் போட்டு தண்ணி வச்சாங்க. வடக்குப் பக்கம் தண்ணி கம்மியான புல்வெளி, மத்த மிருகம் அதிகம் போகாது, அதனாலயே உயரமான புல்லுல ரோன்னு ஒரு அபூர்வமான மான் இனம் நிம்மதியா இருந்துச்சு. தண்ணி வந்ததும் வரிக்குதிரைங்க கூட்டமா வந்து புல்லை ஒட்ட மேஞ்சிடுச்சு, பின்னாடியே சிங்கமும் வந்துச்சு, குட்டிய மறைச்சு வைக்க புல்லும் இல்ல, போதாததுக்கு மழையும் பொய்ச்சுது. 1986ல 450 போல இருந்த ரோன் 1993ல 45 போல ஆயிடுச்சு. மனசு வலிக்குற விஷயம் இது. அப்புறம் நிறைய போரை அவங்களே மூடிட்டாங்க.

தொட்டியே வேணாம்னு சொல்லல. ஆந்திரா பக்கம் கவுண்டின்யா சரணாலயத்துல இருந்து குடியாத்தம் பக்கம் வர்ற யானை தண்ணிக்கு மட்டும் வரல, நெல்லு, வாழை, மாங்காய்க்கும் வருது. அதனால கொல்லை ஓரமா கட்டவே கூடாது, நல்லா உள்ள தள்ளி சில எடத்துல போதும். ஒரு பக்கமாவது சரிவா இருக்கணும், நாலு பக்கமும் நேர் சுவரா கட்டினா உடும்பு, முயல், குட்டிங்கல்லாம் விழுந்து ஏற முடியாம செத்துடும்.