இலவசத் தங்கல்: வீடியோ கடைசியில் 'நன்றி' போட்டால் போதுமா?

போதாது. மூணாறு ரிசார்ட் ஒன்று இரண்டு இரவு இலவசமாகத் தங்க இடம் தந்தது, அதைப் பற்றி விமர்சன வீடியோ போடுகிறேன், ஆனால் அவர்களிடம் நான் பணம் வாங்கவில்லை என்கிறீர்கள். நுகர்வோர் விவகாரத் துறையின் 2023 ஜனவரி வழிகாட்டுதலில் இலவசத் தங்கல், பயணம் எல்லாமே சொல்லியாக வேண்டிய ஆதாயம்தான். காசு கைமாறினால்தான் விளம்பரம் என்ற நினைப்பில்தான் பலரும் இங்கே சறுக்குகிறார்கள்.

1. தமிழ் வீடியோ என்றால், இலவசமாகத் தங்கினேன் என்ற அறிவிப்பும் தமிழில், படத்தின் மேலேயே வரட்டும். விவரப்பெட்டியில் புதைக்க வேண்டாம். ஆஸ்கி (விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு) விதிப்படி 15 நொடி வரையுள்ள வீடியோவில் குறைந்தது 3 நொடி, 2 நிமிடம் வரை மூன்றில் ஒரு பங்கு நேரம், அதற்கு மேல் போனால் ரிசார்ட் வரும் பகுதி முழுக்க.

2. ரிசார்ட்காரர்கள் அனுப்பிய மெயிலைத் திரும்பப் படியுங்கள். 'வெளியிடும் முன் காட்டவும்', 'குறை சொல்ல வேண்டாம்' என்று எங்காவது இருக்கிறதா? இருந்தால் அறிவிப்பு போட்டும் பயனில்லை. அதை விமர்சனம் என்று சொல்லவே முடியாது. வாடகை, தூரம் போன்ற தகவல் பிழைகளைச் சரிபார்க்க மட்டும் காட்டுவேன் என்று எழுத்தில் பதில் போடுங்கள். ஒப்பவில்லையென்றால் அறை வாடகையைக் கட்டிவிடுங்கள். (கசக்கும்தான்.)

ஒன்று கவனம்: ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தரும் சலுகை 20,000 ரூபாயைத் தாண்டினால் 10% டிடிஎஸ் (தருபவரே பிடித்துக் கட்டும் வருமான வரி) உண்டு. சீசன் வாடகைக்கு இரண்டு இரவே அதைத் தொட்டுவிடலாம்.