வத்திக்கானில் பிறந்தால் குடியுரிமை உண்டா?

கேள்வி: வத்திக்கான் ஆயிரம் ஆண்டு பழைய நாடு என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா?

பாதி சரி. போப்புகள் மண்ணை ஆண்டது பழைய கதைதான். 756இல் பிராங்கிய மன்னர் பெப்பின், இத்தாலியில் ஆண்டுகொண்டிருந்த லொம்பார்டியரிடமிருந்து பிடித்த நிலத்தைப் போப்பிடம் ஒப்படைத்தார். அதிலிருந்து வளர்ந்த போப் அரசு பின்னாளில் நடு இத்தாலியின் குறுக்கே பரவிக் கிடந்தது. இத்தாலி ஒரே நாடாகச் சேர்ந்தபோது அது துண்டு துண்டாகக் கைநழுவியது. 1870 செப்டம்பர் 20இல் இத்தாலியப் படை போர்ட்டா பியா என்ற நகர வாசல் அருகே மதிலை உடைத்து ரோமுக்குள் புகுந்ததோடு மிச்சமும் போயிற்று.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். போப்புக்கு ஆண்டுதோறும் பணம் தருகிறோம் என்று இத்தாலி சட்டமே போட்டது. அப்போதைய போப் ஒன்பதாம் பயஸ் அதைத் தொடவில்லை. தன்னை வத்திக்கான் கைதி என்று சொல்லிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார். அடுத்து வந்த போப்புகளும் படி தாண்டவில்லை. கிட்டத்தட்ட அறுபது ஆண்டு முறுக்கு! 1929 பிப்ரவரி 11இல் இத்தாலியப் பிரதமர் முசோலினியும் போப்பின் சார்பில் கர்தினால் கஸ்பாரியும் லாத்தரன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இழந்த அரசுக்கு ஈடாக 75 கோடி லிரா ரொக்கம், 100 கோடி லிராவுக்குக் கடன் பத்திரம். தனி நாடாகக் கிடைத்தது 44 ஹெக்டேர், அதாவது சுமார் 109 ஏக்கர். இன்றைய வத்திக்கானுக்கு அதுதான் பிறந்தநாள்.

கேள்வி: திருப்பீடமும் வத்திக்கானும் ஒன்றுதானே?

இல்லை. திருப்பீடம் என்பது போப்பின் பதவியும் அதைச் சார்ந்த திருச்சபை நிர்வாகமும். அந்தப் பீடம் யாருக்கும் அடங்காமல் இயங்கக் கிடைத்த இடம்தான் வத்திக்கான் நாடு. வெளிநாடுகள் தூதர்களை அனுப்புவது பீடத்துக்கு; ஐ.நா.வில் 1964 முதல் பார்வையாளர் இருக்கையும் பீடத்துக்கே. 1870க்குப் பிறகு ஆள்வதற்கு நிலமே இல்லாத காலத்திலும் பல நாடுகள் அங்கே தூதர் வைத்திருந்தன. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற குழப்பமெல்லாம் தானே தெளியும்.

கேள்வி: அங்கே நடப்பது மன்னராட்சியா?

ஆமாம், வாரிசு இல்லாத மன்னராட்சி. சட்டம், நிர்வாகம், நீதி மூன்றும் போப் கையில். அதற்காகக் குப்பை அள்ளுவதையும் அவரே பார்க்க முடியுமா? அன்றாட வேலைக்கு ஆளுநரகம் இருக்கிறது. 2025 மார்ச் முதல் அதன் தலைவர் ரஃபேல்லா பெட்ரினி என்ற கன்னியாஸ்திரி. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

போப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் 80 வயதைத் தொடாத கர்தினால்கள், அதாவது போப்புக்கு அடுத்த நிலையில் இருக்கும் திருச்சபைத் தலைவர்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2025 மே 8இல் 133 பேர் கூடிப் பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் முடியும்வரை இவர்களைப் பூட்டிவைக்கும் வழக்கத்துக்குப் பின்னால் ஒரு கூத்து உண்டு. 1268இல் விடெர்போ நகரில் தொடங்கிய தேர்தல் மூன்று ஆண்டு வரை இழுத்தது. பொறுமை இழந்த ஊரார் கர்தினால்களைப் பூட்டி, சாப்பாட்டைக் குறைத்து, கூரையையும் பிரித்துவிட்டார்களாம். அப்படித் தேர்வான பத்தாம் கிரகோரிதான் பிறகு பூட்டிவைப்பதையே விதியாக்கினார்.

கேள்வி: அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை உண்டா?

பிறந்ததால் மட்டும் கிடையாது. பதவியோ பணியோதான் குடியுரிமை தரும். கூடவே வசிக்கும் குடும்பத்தாரும் அதில் சேரலாம். வேலை போனால் அதுவும் போகும். வேறு நாடு இல்லாதவரை இத்தாலி ஏற்றுக்கொள்ளும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

கேள்வி: சுவிஸ் காவலர்களின் வண்ண உடை வெறும் வேடிக்கைக்குத்தானா?

இல்லை, போப்பைக் காப்பதே அவர்கள் வேலை. 1527 மே 6இல் ரோம் சூறையாடப்பட்டபோது, போப் ஏழாம் கிளமெண்டைக் காக்க நின்ற 189 பேரில் 147 பேர் செத்தார்கள். புதியவர்கள் உறுதிமொழி எடுப்பது வழக்கமாக அந்தத் தேதியில்தான்.

கேள்வி: புனித பேதுரு சதுக்கத்தில் குற்றம் நடந்தால் யார் பிடிப்பார்கள்?

மண் வத்திக்கானுடையது, ஆனால் சதுக்கத்தில் ரோந்து போவது இத்தாலியக் காவலர்கள். வழக்கையும் இத்தாலியிடம் ஒப்படைக்கலாம். 1981 மே 13இல் இரண்டாம் ஜான் பாலை அங்கே சுட்ட மெஹ்மத் அலி அக்காவை விசாரித்தது இத்தாலிய நீதிமன்றம். போப் அவரை மன்னித்தார், 1983இல் சிறைக்கே போய்ச் சந்தித்தார். ஆனாலும் அக்கா இத்தாலியச் சிறையை விட்டு வெளியே வர, 2000இல் இத்தாலியக் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.